டோக்கன் என் டிராயர்லதான் இருக்கு: மின் அலுவலகம் நடத்தச் சொல்ற மேலிடத்துக்கு ஒரு திறந்த மடல்

துறைத் தலைமையில இருக்கிற அய்யாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் தமிழ்நாட்டுல ஒரு மாவட்டத் தலைநகர்ல, ஒரு அரசு அலுவலகத்துல உதவியாளர். குரூப் 4 எழுதி தட்டச்சரா உள்ள வந்து 19 வருஷம் ஆச்சு. பேர், துறை, ஊர் எதுவும் சொல்ல மாட்டேன், அரசு ஊழியருக்கு 1973 நடத்தை விதிகள்னு ஒண்ணு இருக்கு, 17(பி)ங்கிற ஒழுங்கு நடவடிக்கை மெமோ வாங்கிட்டு விளக்கம் எழுதிக்கிட்டு உக்கார எனக்குத் தெம்பு இல்ல, பொண்ணு வேற ப்ளஸ் டூ படிக்கிறா. ஆனா ஃபைலை எல்லாம் கம்ப்யூட்டர்லயே நடத்தச் சொல்ற இந்த இ-ஆபீஸ் விஷயத்தை யாராவது உங்க காதுல போடணும். ஆய்வுக் கூட்டத்துல உங்களுக்குக் காட்டுற சதவீதத்துல எங்க மேஜை தெரியாது.

முதல்லயே சொல்லிடறேன், நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்ல, பேப்பர் வாசனைக்கு உருகுற ஆளும் இல்ல. 2015 டிசம்பர் மழையில எங்க பதிவறைக்குள்ள முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சு. ரேக்குல கீழ் ரெண்டு தட்டுல இருந்த ஃபைல் அத்தனையும் ஊறிப்போய், மழை விட்டதும் மொட்டை மாடியில ஒவ்வொரு தாளா பிரிச்சுப் போட்டு மேல செங்கல் வச்சுக் காய வச்சோம். மை கரைஞ்சு நீலமா ஒழுகி, டேக் நுனியில இருக்கிற தகரம் துருப்பிடிச்சு தாளோட ஒட்டிக்கிட்டு, ஒருத்தரோட பணிப்பதிவேட்டுல பிறந்த தேதி இருக்கிற பக்கமே கூழா போச்சு. அவர் ரிட்டயர் ஆகுறப்ப அந்தத் தேதிக்கு ஆதாரம் தேடி எங்கெங்க அலைஞ்சார்னு எனக்கு நல்லா தெரியும், அந்த ஃபைலே என் சீட்லதான் இருந்துச்சு. அதனால எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறோம்னு சொன்னப்ப எங்க செக்‌ஷன்ல முதல்ல தலையாட்டினது நான்தான்.

தேசிய தகவலியல் மையத்தோட அந்த சாஃப்ட்வேர்ல நல்லது நிறைய இருக்கு, அதையும் சொல்லிடணும். குறிப்பு எழுதுற திரை பச்சை கலர்ல வரும், டெல்லி செயலகத்துல குறிப்புத் தாள் பச்சையாம், அதையே அப்படியே வச்சுட்டாங்க. மஞ்சள் குறிப்புல எழுதி எழுதி அழிச்சுக்கலாம், பச்சையில ஏத்தி மேல அனுப்பிட்டா அவ்வளவுதான், யாரும் ஒரு பக்கத்தை உருவிட்டு வேற பக்கம் சொருக முடியாது. பேப்பர்ல நடக்காததா? குறிப்புப் பக்கம் 14க்கு அடுத்து 16 இருக்கும், 15 எங்கன்னு கேட்டா நம்பர் போட்டதுல தப்புன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பாங்க. அதை விடப் பெரிய விஷயம் ஃபைல் எந்த மேஜையில எத்தனை நாளா கிடக்குன்னு நாங்க சீட்ல இருந்தே பாத்துக்கலாம். ஒரு நாள் ஒரு அம்மா வந்தாங்க, வீட்டுக்காரர் பணியில இருக்கும்போதே இறந்தவர், மகனுக்கு கருணை அடிப்படையில வேலை கேட்டு மனு கொடுத்து நடையா நடக்கிறவங்க. எப்ப வந்தாலும் ஒரே கேள்விதான், என் மனு எங்க இருக்குன்னு. நான் மானிட்டரை அப்படியே அவங்க பக்கம் திருப்பி, பாருங்கம்மா எங்ககிட்ட இருந்து 3ஆம் தேதியே போயிடுச்சு, இந்த இடத்துல 22 நாளா நிக்குதுன்னு விரல் வச்சுக் காட்டினேன். அவங்க எதுவும் பேசல, முந்தானையால கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு அந்தப் பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. அன்னைக்கு சாயங்காலம் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, ஸ்க்ரீனை எல்லாம் எதுக்கும்மா பப்ளிக்குக்குத் திருப்பிக் காட்டுறன்னு கேட்டார். அதுல இருந்து என் மானிட்டர் சுவத்தைப் பார்த்துதான் இருக்கு.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். டோக்கன். டிஜிட்டல் கையெழுத்துக்கு பென்டிரைவ் மாதிரி ஒண்ணு கொடுத்திருக்கீங்களே, அது. எங்க அலுவலகத்துல மூணு அதிகாரிகளுக்கு இருக்கு, மூணும் என் டிராயர்லதான் இருக்கு. அதோட பின் நம்பர் சீல் பேட் டப்பா மூடிக்கு உள்பக்கம் பென்சில்ல எழுதியிருக்கு. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல, அய்யா டூர்ல இருப்பார், மீட்டிங்ல இருப்பார், இல்ல ரூம்லயே இருப்பார், ஆனா கண்ணாடி போட்டுக்கிட்டு மவுஸ் பிடிக்க அவருக்கு சலிப்பு, "நீயே போட்டுடும்மா"ன்னு சொல்லிடுவார். நடக்கிறது என்னன்னா, நான் எழுதின குறிப்பை நானே பிரிண்ட் எடுத்து பேட்ல கட்டி உள்ள அனுப்பணும், அவர் பச்சை மையில ஓரத்துல "பேசுக"ன்னு எழுதி அனுப்புவார், நான் போய்ப் பேசுவேன், அப்புறம் "சரி"ன்னு எழுதுவார், நான் திரும்பி சீட்டுக்கு வந்து அவர் லாகின்ல போய் அவர் சொன்ன மாதிரி "ஏற்கப்பட்டது"ன்னு டைப் பண்ணி, அவர் டோக்கனைச் சொருகி, அவர் பேர்ல கையெழுத்து போட்டு, அப்புறம் என் லாகின்ல வந்து அதை நானே வாங்கிக்கணும். கீழ்ல இருந்து மேல வரைக்கும் அந்த ஃபைல்ல கை வச்சது நான் ஒருத்திதான், கம்ப்யூட்டர் கணக்குல நாலு பேர் பரிசீலிச்ச ஃபைல்.

2000ஆம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை நானே உக்காந்து படிச்சேன், பயத்துலதான். 5ஆம் பிரிவு அந்த எலக்ட்ரானிக் கையெழுத்தும் கையெழுத்துதான்னு சொல்லுது. 42ஆம் பிரிவு அதோட சாவியை அவரவர்தான் தன் கட்டுப்பாட்டுல பத்திரமா வச்சுக்கணும்னு சொல்லுது. 66சி அடுத்தவரோட கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ மோசடியா பயன்படுத்தினா மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம்னு சொல்லுது. நான் மோசடி பண்ணல, சொன்னதைத்தான் செஞ்சேன், ஆனா அவர் வாயால சொன்னதுக்கு எங்க எழுத்து இருக்கு? நாளைக்கே ஒரு ஃபைல் விஜிலென்ஸ் வரைக்கும் போச்சுன்னா "அது என் கையெழுத்து இல்ல, டோக்கன் அந்தம்மாகிட்ட இருந்துச்சு"ன்னு சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. சொல்ல மாட்டார், நல்ல மனுஷன்தான். அடுத்து மாறுதல்ல வர்றவர் எப்படியோ.

அதனால நான் முதல்ல கேக்குறது இதுதான், பயிற்சியை மேல இருந்து ஆரம்பிங்க. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, ஒரு ஹால்ல 80 பேர், ஒரு ப்ரொஜெக்டர், ரெண்டு மணி நேரம், டீ, சமோசா, வருகைப் பதிவேட்டுல கையெழுத்து. அதுல ஒரு அதிகாரி கூட உக்காரல, குத்துவிளக்கு ஏத்திட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போயிட்டாங்க. நாங்க எப்படியோ தட்டித் தடவிக் கத்துக்குவோம், எங்களுக்கு வேற வழி இல்ல. அதிகாரிகள் குறிப்பை ஸ்க்ரீன்ல படிச்சு, ரெண்டு வரி தானே அடிச்சு, தன் கையால டோக்கன் போடுற வரைக்கும் கீழ எத்தனை கம்ப்யூட்டர் இறக்கினாலும் எங்களுக்கு ரெட்டை வேலைதான். டைப் அடிக்க வராதுன்னா பரவாயில்ல, இப்ப போன்ல பேசினாலே தமிழ்ல எழுதுதே, பேரப்பிள்ளைக்கு வாய்ஸ் மெசேஜ் போடுறவங்கதானே எல்லாரும்.

ரெட்டை வேலைன்னு சும்மா சொல்லல. ஒரு சாதாரண கடிதம், பக்கத்து மாவட்டத்துல ஒரு விவரம் கேட்டு. வேர்டுல டைப் பண்றேன், பிரிண்ட் எடுக்கிறேன், அய்யா மையில கையெழுத்து போடுறார், அதை ஸ்கேன் பண்ணி கோணலா ஒரு பி.டி.எஃப் ஆக்கி இ-ஆபீஸ்ல ஏத்துறேன். அங்க அதைப் பிரிண்ட் எடுத்து, தபால் முத்திரை குத்தி, பதில் டைப் பண்ணி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் பண்ணி... கம்ப்யூட்டர்ல பொறந்த எழுத்து ஒரு சுத்துல திரும்பத் திரும்ப உருவம் மாறுது. கடைசியில அது வெறும் படமா நிக்குது, ஒரு பேரைப் போட்டுத் தேடினா கூட கிடைக்காது. இத்தனைக்கும் அப்புறம் போன் வரும், "சிஸ்டம்ல வந்துடுச்சு மேடம், ஹார்டு காப்பி எப்ப அனுப்புவீங்க?" அரசு ஊழியருக்கான களஞ்சியம் ஆப்ல லீவ் போட்டாலும் மேஜையில ஒரு லீவ் லெட்டர் வச்சுட்டுப் போகணும். சீட்டுக்கு வந்த கடிதம் என்ன ஆச்சுன்னு எழுதி வைக்கிற தன்பதிவேடும் அப்படித்தான், சிஸ்டமே அத்தனை கணக்கும் சொல்லுது, ஆனா தணிக்கைக்கு வர்றவங்க ரிஜிஸ்டரைக் கொண்டான்னு கேப்பாங்கன்னு நான் இன்னும் ஸ்கேல் வச்சு கட்டம் போட்டு எழுதிக்கிட்டு இருக்கேன்.

2021 ஆகஸ்ட் 13ஆம் தேதி நம்ம சட்டசபையில காகிதமே இல்லாம பட்ஜெட் வாசிச்சாங்க, ஒவ்வொரு உறுப்பினர் முன்னாடியும் ஒரு திரை. நான் அதை டிவியில பார்த்தேன். ஒரு மாநிலத்தோட வரவு செலவே திரையில ஓடுச்சு, எங்க ஆபீஸ்ல டியூப் லைட் மாத்தக் கேக்குற கடிதத்துக்கு மூணு நகல் வேணும். நான் படிச்ச அந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 4ஆம் பிரிவுலயே எலக்ட்ரானிக் ஆவணம் இருந்தா எழுத்துல இருக்கிறதுக்குச் சமம்னு இருக்கு, அதனால புதுசா சட்டம் எதுவும் வேண்டாம். இந்தத் தேதியில இருந்து ஹார்டு காப்பி கேக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது, தணிக்கைக் குழுவுக்கும் இது பொருந்தும்னு ஒரே ஒரு சுற்றறிக்கை போடுங்க போதும். அந்தத் தணிக்கை வரியை மட்டும் விட்டுடாதீங்க, அது இல்லன்னா எந்த கிளார்க்கும் ரிஜிஸ்டரைக் கீழ வைக்க மாட்டாங்க, நானும் வைக்க மாட்டேன்.

இன்னொண்ணு எழுத்து. உங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியும், எனக்கு இதுலதான் பாதி நாள் போகுது. நான் தமிழ் தட்டச்சு முதுநிலை பாஸ், மலேயாவுல இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சு மெஷின் பண்ணிக் கொடுத்தாரே, அந்த வரிசையில வந்த மெஷின்லதான் என் விரல் பழகுச்சு. திரையைப் பார்க்காமலே அடிப்பேன். ஆனா எங்க பழைய கடிதம், படிவம், மாதிரி வரைவு எல்லாம் வானவில், பாமினி மாதிரி எழுத்துருவுல கிடக்கு. அதெல்லாம் உள்ளுக்குள்ள இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் முகம் மாட்டியிருக்கு, அவ்வளவே. அதை காப்பி பண்ணி இ-ஆபீஸ்ல ஒட்டினா கமா, ஸ்டார், கேள்விக்குறி எல்லாம் சேர்ந்து மந்திரவாதி எழுதின தகடு மாதிரி வரும். கண்வெர்ட்டர்ல போட்டு எடுத்தா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிடும், "கொடுக்கப்பட்டுள்ளது" வேற ஏதோவா மாறி நிக்கும், வரி வரியா திருத்தணும். 2010ல கோயமுத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்த அதே ஜூன் மாசம் எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழ் தமிழாவே நிக்கிற யூனிகோடுதான் இனிமே அரசோட தரம்னு அரசாணை வந்துச்சு, அரசாணை வந்தும் எங்க கம்ப்யூட்டர்ல வானவில் போகல, ஏன்னா மேல இருந்து வர்ற படிவமே அதுலதான் வருது! நீங்க யூனிகோடுல அனுப்பினா நாங்க யூனிகோடுல அடிச்சிட்டுப் போறோம். கீபோர்டையும் கட்டாயப்படுத்தாதீங்க, தமிழ்99 நல்ல அமைப்புதான், உயிர் இடது கையில மெய் வலது கையில, புதுசா வர்ற பசங்க ஒரு வாரத்துல பிடிச்சுக்கிறாங்க, ஆனா 19 வருஷம் பழகின என் விரலை எனக்கே மாத்த முடியல. யூனிகோடுலயே பழைய தட்டச்சு வரிசையும் வச்சுக்கலாம், அந்த வசதியை எல்லா மெஷின்லயும் போட்டுக் கொடுத்துட்டா முடிஞ்சது.

இப்ப நிஜமான டிஜிட்டல் அலுவலகம் எங்க நடக்குதுன்னு சொல்லட்டுமா? வாட்ஸ்அப்ல. நான் 11 குரூப்ல இருக்கேன், அதுல நாலு குரூப்புக்கு பேரே "அவசரம்"னு ஆரம்பிக்குது. ராத்திரி 9.40க்கு ஒரு மெசேஜ் வரும், "நாளை காலை 10 மணிக்குள் இணைப்பில் உள்ள கூகுள் ஷீட்டில் விவரம் உள்ளிடவும், தவறினால் விளக்கம் கோரப்படும்"னு, கீழ வரிசையா "நன்றி அய்யா" "சரிங்க அய்யா"ன்னு 40 கும்பிடு. போன் என்னோடது, டேட்டா என் காசு, இ-ஆபீஸ்ல இதுக்கு ஒரு தடயமும் கிடையாது. போன வருஷம் ஒரு ஷீட்ல பயனாளிகள் பேரு, ஊரு, போன் நம்பர், பேங்க் கணக்கு எல்லாம் ஏத்தியிருந்தோம், எத்தனையோ ஆபீஸ்ல இருந்து ஒரே நேரத்துல உள்ள இருந்தாங்க, அதுல யாரோ பேரை மட்டும் அகர வரிசையில மாத்தணும்னு அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் செலக்ட் பண்ணி சார்ட் போட்டுட்டாங்க. பேர் எல்லாம் அழகா அ ஆ இ ஈன்னு நின்னுச்சு, கணக்கு நம்பர் இருந்த இடத்துலயே இருந்துச்சு, அத்தனை பேருக்கும் அடுத்தவங்க நம்பர். நல்லவேளை பணம் போறதுக்கு முன்னாடி ஒரு பையன் கவனிச்சான், தன் ஊர் ஆளுக்கு தெரியாத பேங்க்கோட ஐ.எஃப்.எஸ்.சி இருக்கேன்னு. மூணு நாள் உக்காந்து மறுபடி பேப்பரை வச்சு சரி பண்ணினோம். ஆமா, பேப்பரை வச்சுத்தான். லிங்க் வச்சிருக்கிற யார் வேணா திறக்கலாம்ங்கிற ஷீட்ல ஜனங்களோட பேங்க் நம்பரைப் போடச் சொல்றது சரிதானான்னு அன்னைக்கு நான் கேக்கல. இப்ப கேக்குறேன். விவரம் கேக்கணும்னா இ-ஆபீஸ் வழியா கேளுங்க, ஆபீஸ் நேரத்துல கேளுங்க, போன மாசம் இதே விவரத்தைக் கொடுத்திருந்தோம்னா அதை முதல்ல தேடிப் பாருங்க.

பழைய ஃபைல் ஸ்கேன் பத்தி ரெண்டு வார்த்தை. ஒரு நாளைக்கு இத்தனை பக்கம்னு இலக்கு வச்சு எங்க தலையில கட்டாதீங்க. ஏ4 ஸ்கேனரைக் கொடுத்துட்டு கிராம வரைபடத்தை ஸ்கேன் பண்ணச் சொன்னா நாங்க என்ன அதை நாலா மடிக்கவா? மடிச்சாங்க, அதுதான் கொடுமை, அம்பது வருஷமா மடிப்பு விழாம சுருட்டி வச்சிருந்த படம். எங்க ஆபீஸ்ல ஒரு அலுவலக உதவியாளர் அண்ணன் இருக்கார், ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூணு வருஷம். தபால் கட்டைத் தூக்கிக்கிட்டு சைக்கிள்ல சுத்தினவர், இ-ஆபீஸ் வந்ததும் இனிமே இவருக்கு என்ன வேலைன்னு எல்லாரும் பேசினாங்க. பதிவறையில எந்த வருஷம் எந்தக் கட்டுல இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும், இருட்டுல கூட கையை விட்டு எடுப்பார். இப்ப அவரே ஸ்கேனர் கத்துக்கிட்டார், பூச்சி அரிச்ச தாளுக்கு அடியில பழைய காலண்டர் அட்டையை வச்சு அலுங்காம எடுக்கிறார், ஃபைலுக்கு பேர் வைக்கிறதையும் அவரே ஒழுங்கு பண்ணிட்டார், வருஷம் முதல்ல, அப்புறம் ஃபைலோட ந.க. எண், அப்புறம் பொருள். எந்தப் பயிற்சிக் கையேட்டுலயும் இது எங்களுக்கு வரல. அவர் மாதிரி ஆள் எல்லா பதிவறையிலயும் ஒருத்தர் இருப்பார், அவங்க ரிட்டயர் ஆகுறதுக்குள்ள பக்கத்துல ஒரு சின்னப் பையனை உக்கார வைங்க.

கடைசியா ஒரு பயம். தென்கொரியாவுல 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தேஜான் ஊர்ல அரசோட டேட்டா சென்டர்ல லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சு 700க்கும் மேல அரசு கம்ப்யூட்டர் சேவை நின்னு போச்சு. அங்க அரசு ஊழியர்களை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எதையும் வைக்காதீங்க, ஜி-டிரைவ்ங்கிற அரசோட ஆன்லைன் சேமிப்புல மட்டும் வைங்கன்னு சொல்லி வச்சிருந்தாங்க, அதுக்கு வெளியில பேக்கப் கிடையாது, 858 டெராபைட் எரிஞ்சு போச்சு. கொரியாவுலயே இந்த கதின்னா! நம்ம ஊர்லயும் பார்த்தோமே, 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வரை வைரஸ் போட்டு முடக்கி, அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி நாள் கணக்கா பேப்பர்ல சீட்டு எழுதிக் கொடுத்துச்சு. மொட்டை மாடியில செங்கல் வச்சு நாங்க காய வச்சதுல பாதியாவது மிஞ்சுச்சு, எரிஞ்ச சர்வரை எந்த மாடியில காய வைக்கிறது? நாங்க ஏத்துற ஃபைலுக்கு இன்னொரு ஊர்ல நகல் இருக்கா, அதை யாராவது வருஷம் ஒரு தடவையாவது திறந்து பார்க்கிறாங்களா, சர்வர் நின்னா அன்னைக்கு வர்ற மனுவை நாங்க எதுல பதியணும், இதை மட்டும் ஒரு பக்கத்துல எழுதி எல்லா ஆபீஸுக்கும் அனுப்பிடுங்க. அனுப்புறப்ப யூனிகோடுல.

இப்படிக்கு,
ஏதோ ஒரு மாவட்டத்துல, ஏதோ ஒரு சீட்ல இருக்கிற உதவியாளர்.

பி.கு: எங்க அய்யாவோட டோக்கன் இந்த மாசம் 28ஆம் தேதியோட காலாவதி ஆகுது. புதுப்பிக்கச் சொல்லி விண்ணப்பம் வந்திருக்கு, ரெண்டு பக்கம், பிரிண்ட் எடுத்து, போட்டோ ஒட்டி, போட்டோ மேல குறுக்கால மையில கையெழுத்து போட்டு, அலுவலக முத்திரை வச்சு, ரெண்டு நகலோட நேர்ல கொண்டு வந்து கொடுக்கணுமாம். நாளைக்கு நான்தான் பஸ் ஏறணும்.